பூஜைக்கு வைத்த விமானி வாட்ச்

“ஐயய்யோ, கழுவிடாதீங்க!”

தமிழழகன் போனில் போட்ட கூச்சலில், வாசலில் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி சுகன்யா குழாயை மூடிவிட்டாள்.

“ஏங்க, சோப்பே இன்னும் போகலையே?”

“உன்ன இல்ல, நீ கழுவு!” என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி போனில் பாய்ந்தான். “அந்த வாட்ச்ச தொடாதீங்க செல்லப்பன்!”

செல்லப்பன் உடையார்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அவரிடம் ஒரு வாட்ச் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானம் ஓட்டியவன் கட்டியதாம். அந்தக் காலத்து விமானத் தளத்தில் சமையல் வேலை பார்த்த அவர் தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி கழற்றிக் கொடுத்தாராம். கறுப்பு முகப்பு, டீ நிறத்துக்குப் பழுத்த எண்கள், கையுறையோடு திருகுவதற்கென்றே வைத்த குண்டுத் திருகு. படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்த நாள் முதல் தமிழழகனுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரம்பலூரில் கல்லூரி நூலகராக இருக்கும் அவனுக்கு இருக்கும் ஒரே பைத்தியம் இது. பீரோவில் பதினொரு விமானி வாட்ச்சுகள் இருந்தன. அதில் ஒன்பது டூப்ளிகேட் என்பது அவனுக்கும் தெரியும், சேகரிப்பாளர் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். சுகன்யாவுக்கும் தெரிந்துபோனதுதான் வினை.

“பன்னெண்டாவதும் டூப்ளிகேட்டுன்னா, மொத்தத்தையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவேன்” என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்பவள்.

அதனால்தான் தமிழழகன் மூன்று வாரமாக நிதானம் காத்தான். நேரில் போக வேண்டும், பின்மூடியைத் திறக்க வேண்டும், லென்ஸ் வைத்து உள்ளே பார்க்க வேண்டும், அப்புறம்தான் விலை பேச வேண்டும். இந்த முறை ஏமாறுவதில்லை என்று உறுதி எடுத்திருந்தான். அந்த உறுதிமேல்தான் இன்று காலை இடி விழுந்தது.

“ஆயுத பூஜைங்க சார்” என்றார் செல்லப்பன். “பட்டறைச் சாமான் எல்லாத்தையும் கழுவித்தான வைக்கணும்? வூட்டுக்காரி புளி கரைச்சு வெச்சிருக்கு. வாட்ச்ச ஒரு தேய் தேச்சா பளபளன்னு ஆயிரும்.”

பழைய வாட்ச்சின் மதிப்பே அதன் பழசுதான். புளித்தண்ணீர் பட்டால் அது பேரன் பிறந்தநாளுக்கு வாங்கிய வாட்ச் ஆகிவிடும்.

“தண்ணியே படக்கூடாது!”

“சரிங்க. தண்ணி வேணாம். விபூதி போட்டுத் தொடைச்சுக்கறோம்.”

தமிழழகன் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினான். ஸ்கூட்டருக்கு அதற்குள் பொட்டு வைத்தாகிவிட்டது.

“பூஜை முடியாம வண்டிய எடுக்கக் கூடாது” என்று சுகன்யா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். “அதென்ன, பன்னெண்டாவதா?”

“இது அசல், சுகன்யா! என் மனசு சொல்லுது!”

“உங்க மனசு இதுக்கு முன்னயே ஒம்போது தடவ சொல்லியாச்சு.”

அரியலூர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்ததால், டிரைவர் கல்யாண ஊர்வலம் போலவே ஓட்டினார். முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரியும் மாலை போட்டுக்கொண்டு ஊர்ந்தது. தமிழழகன் மறுபடி போன் போட்டான்.

“விபூதியும் வேணாங்க. தேய்க்கவே கூடாது. குளிப்பாட்டவும் கூடாது!”

பக்கத்தில் இருந்த அம்மாள் பதறினாள். “யாருக்கு தம்பி, புள்ளைக்கு அம்மை போட்ருக்கா? தலமாட்டுல வேப்பில வைக்கச் சொல்லு.”

“வாட்ச்சுக்குங்க.”

அந்த அம்மாள் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

“தேய்க்காம எப்புடி சார்?” என்றார் செல்லப்பன். “அப்ப மச்சினன் மெஷின்ல புடிச்சு பாலீஷ் போட்டுத் தரேங்கறான்.”

“யோவ், அது எம்பது வருச அழுக்குய்யா! அதுக்குத்தான் விலையே!”

உணர்ச்சிவசப்பட்டு ரகசியத்தை உடைத்துவிட்டான்.

“எம்பது வருச அழுக்கா?” என்று செல்லப்பன் மெய்சிலிர்த்தார். “அவ்வளவு பெரிய பொருளா சார் இது? அப்ப ஓரமா வைக்கக் கூடாதுங்க. சாமிக்கு நடுவுல வெச்சு, முகப்பு முழுக்கச் சந்தனம் பூசிடறோம்.”

அரியலூரில் பஸ் மாறினான். புறப்பட வேண்டிய நேரத்தில் கண்டக்டர் பூசணிக்காய் சுற்றிக்கொண்டிருந்தார். தமிழழகனால் பொறுக்க முடியவில்லை.

“செல்லப்பன், நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன். இப்ப அது என் வாட்ச். என் பொருள்ல நீங்க சந்தனம் வைக்கக் கூடாது!”

“பணம் வராம எப்புடி சார் உங்க பொருளாவும்?”

நியாயம்தானே? பூசணிக்காய் உடைந்த அதே நொடியில் தமிழழகன் முழுப் பணத்தையும் போனிலேயே அனுப்பினான். கண்டக்டர் ‘போலாம் ரைட்’ என்றார். செல்லப்பன் திரும்பக் கூப்பிட்டார்.

“வந்துருச்சு சார். ஆனா இப்ப எனக்குப் பயமா இருக்கு. அடுத்தவங்க பொருளு, பொட்டுகூட வைக்காம மூளியா எப்புடி சார் விடறது? வூட்டுக்காரி சந்தனத்தைக் கொழைச்சுட்டா.”

வி.கைகாட்டி தாண்டும்வரை தமிழழகன் உட்காரவே இல்லை. நின்றால் பஸ் சீக்கிரம் போகும் என்று எவனோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது போல நின்றான்.

உடையார்பாளையத்தில் இறங்கி ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு போய்விட்டது. பட்டறைக்குள் பாய்ந்தான். வாழையிலையில் ஸ்பானர், சுத்தியல், அரிவாள், நடுநாயகமாக அந்த வாட்ச். செல்லப்பன் மனைவி சின்னம்மாள் விரல் நிறையச் சந்தனம் எடுத்து முகப்பை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தாள்.

“நிறுத்துங்க!”

அரை அங்குலத்தில் நின்றது விரல். தமிழழகன் வாட்ச்சை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அழுக்கு அப்படியே இருந்தது! டீ நிற எண்கள் அப்படியே இருந்தன! அவன் கண் கலங்கிவிட்டது. பிரசவ வார்டு வாசலில்கூட அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

லென்ஸையும் மூடி திறக்கும் சாவியையும் எடுத்தபோது செல்லப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கோவிச்சுக்காதீங்க சார். பூஜையில வெச்ச சாமான இன்னிக்குத் தெறக்கக் கூடாது, முடுக்கக் கூடாது. நாளைக்குக் கற்பூரம் காட்டிட்டுப் பாருங்க. எங்களுக்குத்தான் சாமி குத்தம் ஆயிரும்.”

இத்தனை நேரம் தன் பேச்சைக் கேட்டு விபூதிகூடப் படாமல் காப்பாற்றிக் கொடுத்த மனிதர் கேட்கிறார். மறுத்தால் மனுஷத்தனமா? தமிழழகன் லென்ஸை உள்ளே வைத்தான். சின்னம்மாள் வாட்ச்சை வாழையிலையில் மடித்து, கூடவே பொரிகடலைப் பொட்டலமும் கொடுத்தாள்.

பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்து, ராஜா மாதிரி டீ குடித்தான். சுகன்யாவுக்குப் போன் போட்டான். “ஜெயிச்சிட்டேன் சுகன்யா! ஒரு நிமிஷம் தாமதிச்சிருந்தா போயிருக்கும்!”

அப்போது ஜெயங்கொண்டம் பஸ் வந்து நின்றது. அது முழுசாக நிற்பதற்குள் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் குதித்தார். கழுத்தில் கயிறு கட்டிய லென்ஸ் ஊசலாடியது. வேர்த்து விறுவிறுத்து டீ மாஸ்டரிடம் ஓடிவந்தார்.

“செல்லப்பன் பட்டறை எந்தப் பக்கங்க? சீக்கிரம் சொல்லுங்க! கழுவிருப்பாங்களோ?”

மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: “பதறாமப் போங்க சார். காலைலேருந்து நீங்க நாலாவது ஆளு. நீங்க போயி நிக்கிற வரைக்கும் அவுங்க கழுவ மாட்டாங்க.”