வெர்னெட்டாவின் ஆல்பத்துக்கு வந்த தீர்ப்பு

பாட்டைக் கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லும் ஓர் இனம் உண்டு. வாசகரே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் எங்கள் மெம்ஃபிஸ் நகரத்தில் சவரக் கடைக்கு ஒருவராவது இருப்பார். ராஸ்கோவின் கடைக்கு வாய்த்தவர் டெல்மர் பிக்கெட்.

எங்கள் தெருப் பெண் வெர்னெட்டா பூக்கர், இரண்டு தோழிகளோடு பாடிய குழுவைவிட்டு விலகி, எங்கள் ஊருக்குப் பேர்போன 'சோல்' இசையில் தனியாக ஓர் ஆல்பம் போட்டாள். "தோழிகள் இல்லாமல் குரல் மெலிந்துவிட்டது" என்று உள்ளூர்ப் பத்திரிகை விமர்சகர் நாலு வரி எழுதினார். போதாதா? முகத்தில் நுரையோடு சாய்ந்திருப்பவர், வாசலில் சுட்ட பன்றி விலாவைக் கடித்துக்கொண்டிருப்பவர், ஞாயிறு ஆராதனை முடிந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு போகும் அம்மாக்கள் என்று ஒருவரையும் விடாமல் டெல்மர் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"பாட்டுல உசுரே இல்லப்பா! அந்த ரெண்டு பொண்ணுங்க தாங்கிப் பிடிச்சாங்க, இவ சும்மா நின்னா, அவ்வளவுதான்."

விளைவு? சொந்த ஊரில் அவளுடைய முதல் கச்சேரியில் பாதி நாற்காலிகள் காலி. முன்வரிசையில் இருந்த அவள் அம்மா வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை இப்படி ஆனால் ஆல்பம் போட்ட கம்பெனி அவளைக் கைகழுவிவிடும் என்று பேச்சு.

அடுத்த மாதம் நியூயார்க் பத்திரிகை ஒன்று அதே ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. டெல்மர் மாற எவ்வளவு நேரமாகும்?

"நான் அப்பவே சொல்லல?"

"உசுரே இல்லன்னுதானண்ணே சொன்னீங்க?" என்றான் ராஸ்கோ.

"அது செல்லக் கண்டிப்புடா!"

அந்த நேரம் பார்த்து, இரண்டாவது கச்சேரிக்கான சுவரொட்டியோடு வெர்னெட்டாவே உள்ளே வந்தாள்.

"வாம்மா! மொத நாள்லேருந்து உனக்காகத்தான் தொண்டை கிழியப் பேசிட்டிருக்கேன்."

"அப்படியா மாமா? எந்தப் பாட்டு பிடிச்சுது?"

"அது... கடைசிப் பாட்டு! பின்னாடி அந்தப் பொண்ணுங்க சேந்து பாடறது இருக்கே, அடடா!"

"கடைசிப் பாட்டுல யாருமே இல்ல மாமா. நானும் பியானோவும் மட்டும்தான்."

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சுவரொட்டியை நாற்காலிமேல் வைத்துவிட்டு, பியானோகூட இல்லாமல், அந்தப் பாட்டை அங்கேயே பாடினாள். வீட்டைவிட்டுப் போகும் மகள் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளும் பாட்டு. ராஸ்கோவின் கத்தரி நின்றுபோனது. டெல்மர் தொப்பியைக் கழற்றினார், மூக்கை உறிஞ்சினார்.

"நல்லாருக்கும்மா," என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிகச் சிறிய விமர்சனம் அதுதான்.

இரண்டாவது கச்சேரியில் நிற்கவும் இடமில்லை. ஆள் சேர்த்தவர்களில் முதல் ஆள் யார் என்கிறீர்கள்? டெல்மரேதான். ஆனால் குணம் போகுமா? வெளியே வரும்போது என் காதில் குனிந்து, "நடுவுல கொஞ்சம் இழுத்துட்டா, கவனிச்சியா?" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வெர்னெட்டாவின் ஆல்பம் அருமையானது என்று இதற்குள் நீங்களும் முடிவு கட்டியிருப்பீர்களே? அதில் ஒரு பாட்டாவது கேட்டிருக்கிறீர்களா?