பதினாலாம் எண் வீட்டில் ஒரு திரை

கதவடியில் மறுபடியும் அந்தச் சீட்டு கிடந்தது. "வீட்டில் யாரும் இல்லை. பார்சல் பதினாலாம் எண்ணில்."

"நான் இங்கேதானே உக்காந்திருக்கேன்!" என்றார் சூர்ட், ஆளில்லாத சமையலறையைப் பார்த்து.

உண்மைதான். மனைவி ஔக்யா காலமானதிலிருந்து அவர் வேறெங்கும் போவதில்லை. மாடியில் அவருடைய மேஜையும் பெரிய கணினித் திரையும் இருந்தன. கடைசி மாதங்களில் அவளுடைய கட்டிலும் அதே அறையில்தான் கிடந்தது. கட்டிலை எடுத்துப்போன பிறகும் அவரால் அங்கே உட்கார முடியவில்லை. மடிக்கணினியோடு கீழே இறங்கிவிட்டார்.

படகு வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை. சின்னத் திரையில் பாய்மரம் தெரிந்தால் அடிப்பாகம் தெரியாது. சுக்கானே இல்லாத ஒரு படகுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

"கையில தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு திரை வாங்குங்க. இல்லேன்னா ஆபீசுக்கு வாங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீடான பதினாலாம் எண்ணில் இருந்தவர் ஹில்யா அம்மாள். ஸ்னேக் ஊர்க் கால்வாயில் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். படகுகளை நிறுத்திவைப்பதில் பேர்போனவர். சூர்ட் அவரிடம் வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. பேச்செல்லாம் ஔக்யாவின் இலாகா.

"உள்ளே வாப்பா. காப்பி போட்டாச்சு" என்றார் ஹில்யா, கதவைத் திறந்து.

ஒரு கோப்பை. தகர டப்பாவிலிருந்து ஒரே ஒரு பிஸ்கட். டப்பா உடனே மூடப்பட்டது. குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அர்த்தம்.

"இதுவா உன் திரை? நான் மீன் வெட்டற பலகையே இதைவிடப் பெரிசு."

வீட்டில் மாட்டிப் பார்த்தபோது, அவர் சொன்னது சரிதான். சூர்ட் அதைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பெரியதாக ஒன்றை வரவழைத்தார். அழைப்புமணிக்குப் புது பேட்டரியும் போட்டார். மணி அடிக்கவில்லை. சீட்டு கிடந்தது.

இரண்டாவது திரைக்கு நிற்கத் தெரியவில்லை. மடக்குக் கால் வழுக்கி, அவருடைய மூக்குக்கண்ணாடியின் மேலேயே குப்புற விழுந்தது.

"காலைப் பாத்து வாங்குப்பா" என்றார் அதைக் கேட்ட ஹில்யா. "எங்கப்பா பசு வாங்கறப்ப அதைத்தான் மொதல்ல பாப்பாரு."

சூர்ட் சிரித்துவிட்டார். அந்தச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

அடுத்ததாகப் புது மணியே வாங்கி மாட்டினார். அது தெருவில் போன ஒவ்வொரு சைக்கிளுக்கும் அடித்தது. ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வெறும் தெருவுக்கு வணக்கம் சொன்னார். அலுத்துப்போய் மணியைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

பார்சல்காரி மர்லூஸ் வண்டியை நிறுத்தினாள். சூர்ட் கையை ஆட்டினார். அவளும் சிரித்துக் கையை ஆட்டினாள். பிறகு பார்சலோடு பதினாலாம் எண்ணுக்குப் போனாள். திரும்பி வந்து சீட்டையும் போட்டாள். வேலையாக இருப்பவளை ஓடிப்போய் மறிப்பது மரியாதையில்லை என்று சூர்ட் பேசாமல் இருந்துவிட்டார்.

மூன்றாவது திரைக்குக் கால் உறுதி. ஆனால் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. எந்த ஜன்னலுக்கும் திரைச்சீலை போடாத தெரு அது. அவருடைய பாய்மரங்களின் மேல் நாள் முழுக்கச் சைக்கிள்கள் போய்வந்தன.

நான்காவதை ஹில்யா திருப்பித் திருப்பிப் பார்த்தார். மங்கலான மேற்பரப்பு, அசையாத கால், ஒரே வயர்.

"இதுல குறை சொல்ல ஒண்ணுமே இல்லையே" என்றார், ஏனோ குரல் இறங்கி.

அன்று டப்பா மூடப்படவில்லை. ஔக்யா பனிச்சறுக்கில் விழுந்து, எழுந்திருக்காமல் படுத்தபடியே சிரித்த கதையை சூர்ட் சொன்னார். அவள் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது.

வீட்டில் அந்தத் திரையில் சுக்கான் முதல் பாய்மரம் வரை பளிச்சென்று தெரிந்தது. சூர்ட் அதில் குறை தேடினார். குறையே இல்லாத திரையை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது?

மறுநாள் அதைப் பெட்டியில் போட்டுக் கட்டினார். திருப்பி அனுப்பக் காரணம்: "தேவைக்கு மேல் தெளிவு."

மர்லூஸின் வண்டி வந்ததும் மரியாதையை மறந்து பெட்டியோடு தெருவுக்கே ஓடினார்.

"இதுலயும் குறையா சார்?"

"அதை விடும்மா. நான் வீட்டுலயே இருக்கேன். கையாட்டறேன், நீயும் ஆட்டறே. அப்புறம் இல்லேன்னு ஏன் சீட்டு போடறே?"

மர்லூஸ் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். ஹில்யா அங்கே நின்று, ஏற்கெனவே நிரம்பி வழிந்த ஒரு பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மர்லூஸ் வண்டியிலிருந்து பதினாலாம் எண்ணுக்கான பார்சல் ஒன்றை எடுத்து சூர்ட்டின் கையில் வைத்தாள்.

"அந்தம்மா உத்தரவு சார். இதுவரைக்கும் உங்க பார்சலெல்லாம் அவங்க வீட்டுல குடுக்கணும்னாங்க. இன்னையிலேர்ந்து அவங்க பார்சலெல்லாம் உங்க வீட்டுலயாம். பிஸ்கட் மட்டும் வாங்கி வைக்கச் சொன்னாங்க."