முன்னால் நிற்கிறவளின் முதுகு

கலியாண வீட்டுக்குப் போகிற சீமாட்டிகளே, சற்று நில்லுங்கள். மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரை நமது கடலோரத் தெருக்களில் வேகமாகப் பெருகி வருகிற ஓர் இனத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். அரபு நாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து, ஊர்க் கலியாணங்களில் பெண்கள் பக்கத்தில், ஆண்கள் எட்டிப் பார்க்காதபடி சேலைகளால் திரை கட்டிய ஹோலுக்குள், கூட்டமாக இடுப்பை ஆட்டுகிறார்களே, அவர்கள்தான்.

அடையாளம் காண்பது சுலபம். புழுங்கிச் சாகிற வெயிலிலும் இவர்கள் வீட்டுக் கட்டிலில் புலிப்படம் போட்ட தடித்த கம்பளி கிடக்கும். கோழியைக்கூட “யல்லா” என்றுதான் விரட்டுவார்கள். யார் எதைச் செய்தாலும், எங்கட மெடம் வீட்டில் இப்படியில்லை என்பார்கள். ஆட்டம் என்று வந்துவிட்டால், கைத்தறிச் சேலையில் வெட்டிய துண்டொன்றை இடுப்பில் கட்டி, அதன் ஓரமெல்லாம் தட்டையாக அடித்த சோடா மூடிகளைத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். ஐந்து பேர் சேர்ந்து குலுக்கினால் அடுத்த வளவில் ஆடு கத்தும்.

இந்தக் கலையை நமக்குக் கொண்டு வந்து சேர்த்தவர், ஊருக்கே அக்காவான ஜெமீலா ராத்தா. குவைத்தில் எட்டு வருடம் இருந்தவர். எட்டு வருடத்தில் எத்தனை தடவை ஆட்டம் பார்த்தார் என்று கேட்கிறீர்களா? ஒரே ஒரு தடவை. மெடத்தின் மகள் கலியாணத்தன்று, அழுக்குக் கோப்பைகள் அடுக்கிய தட்டத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குசினிக்குப் போகும்போது, கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். ஆடினவள் குசினிக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றாள். ஆகவே அரபு ஆட்டத்தின் பின்பக்கம் முழுவதும் ராத்தாவுக்குத் தெரியும். முன்பக்கம் தெரியாது. கைகள் என்ன செய்தன என்பதும் தெரியாது. அதனால் இன்றைக்கும் அவருடைய குழு தட்டம் ஏந்துகிற மாதிரிக் கையை நீட்டி வைத்துக்கொண்டுதான் ஆடுகிறது. ஏனென்று கேட்டால் அது அவங்கட முறை என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்க யாருக்குத் துணிவு?

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒத்திகை கித்திகை ஒன்றுமில்லை, தாளத்துக்கு எண்ணிக்கை இல்லை. முன்னுக்கு நிற்பவர் மனதில் தோன்றியதை ஆடுவார். பின்னுக்கு நிற்பவர்கள் அவருடைய முதுகைப் பார்த்து அப்படியே ஆடவேண்டும். சாய்ந்தமருதுக் கலியாணமொன்றில் ராத்தாவின் விலாவில் சிற்றெறும்பு கடித்து, அவர் துள்ளிச் சொறிந்துகொண்டார். நால்வரும் துள்ளிச் சொறிந்தார்கள். அது மூன்றாவது அடியாக இன்றைக்கும் நிலைத்திருக்கிறது.

முன்னுக்கு நிற்பவர் எப்போதும் ராத்தாதான். அவருக்கு நேர் பின்னால் மூன்று வருடமாக நிற்பவள் றாஹிலா. றியாதில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு மூதாட்டியை இரண்டு வருடம் பார்த்தவள். ஆட்டத்தைக் கதவிடுக்கிலும் கண்டதில்லை. ஆனால் அவளிடம் சொந்தமாக ஓர் அடி இருந்தது. அரைவாசி குந்தி, ஒரு சுற்றுச் சுற்றி, தோளைக் குலுக்கிக்கொண்டு எழும்புகிற அடி. தேங்காய் திருவுகிற நேரத்தில், யாருமில்லாத குசினியில் அதை ஆடிப் பார்ப்பாள். அழகாகத்தான் இருக்கும். கண்டவள் தங்கச்சி நதீரா மட்டும். அவளுக்குக் கலியாணம் நிச்சயமாகி, சொந்த ஊர் நிந்தவூரிலேயே நடத்துவதென்று முடிவானபோது, றாஹிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ட கலியாணத்துல நீதான் முன்னுக்கு நிக்கணும், ராத்தா. உன்ட அடிய ஊரே காணணும்.”

அன்றிலிருந்து றாஹிலாவுக்குச் சோறு இறங்கவில்லை. கல்முனைக்குடியிலிருந்து வரப்போகிற மாப்பிள்ளையின் உம்மா லேசுப்பட்டவரில்லை. பெண் வீட்டாரின் பெருமைப் பேச்செல்லாம் எவ்வளவு தூரம் மெய் என்று பார்க்கத்தான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தங்கச்சி மாமியார் முன்னால் தலைநிமிர்ந்து நிற்பதும் குனிந்து நிற்பதும் இனித் தன் முழங்காலில்தான் இருக்கிறது என்று றாஹிலா நம்பிவிட்டாள். ஜெமீலா ராத்தாவிடம் போய் மெல்லக் கேட்டாள். ராத்தா முகட்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“ஓம் கா, உன்ட தங்கச்சிட கலியாணம்தானே. நீ நில்லு. நான் பின்னுக்கு நிக்கிறன்,” என்றார். பிறகு தன்னுடைய பெருந்தன்மையை நாலு தெருவுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பொழுதுபட்டால் ஊரடங்குச் சட்டம்; அதற்கு முன்னர் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டுமென்பதால் பின்னேரம் அஸர் தொழுகையோடேயே நிக்காஹ் முடிந்தது. ஆண்கள் பந்தலில், சேர்ந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உள்ளே மாப்பிள்ளையின் உம்மா முன்வரிசைக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். குழுவில் கடைசியாக நிற்கிற அம்ஹா கெசற்றைப் போட்டாள். அம்ஹா கல்முனை பஸ் ஸ்ராண்டைத் தாண்டி எந்த நாட்டுக்கும் போனதில்லை. ரேடியோ அவளுடையது என்பதால் குழுவில் இருக்கிறாள்.

றாஹிலா போய் முன்னுக்கு நின்றாள்.

நின்றாள், அவ்வளவுதான். முன்னால் விரித்த பாய் இருந்தது, சம்பந்தி அம்மாவின் முகம் இருந்தது. முதுகு இல்லை. மூன்று வருடமாக ராத்தாவின் தோள்பட்டையிடம் உத்தரவு வாங்கிய கால்கள் இப்போது யாரிடம் கேட்கும்? குசினியில் அவ்வளவு லாவகமாக வந்த அடி எங்கே போனதென்றே தெரியவில்லை. தட்டம் ஏந்திய கையோடு அவள் மரமாக நிற்க, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நால்வரும் அப்படியே நின்றார்கள். மேளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. முக்காட்டுக்குள்ளிருந்து நதீரா தலையை ஆட்டி ஆட்டிச் சாடை காட்டினாள். சம்பந்தி அம்மாவின் உதடு கோணத் தொடங்கியது. பாவம் றாஹிலா, வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பின்னுக்குத் திரும்பினாள்.

நால்வரும் பின்னுக்குத் திரும்பினார்கள்.

இப்போது றாஹிலாவின் கண்ணுக்கு நேரே ஜெமீலா ராத்தாவின் முதுகு. அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் ராத்தாவுக்கு முன்னால் வேறு முதுகுகள், எல்லாருக்கும் முன்னால் அம்ஹா. அம்ஹாவுக்கு முன்னால் குசினித் திரை. பார்க்க ஒரு முதுகும் இல்லாமல் அந்தப் பிள்ளை திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். சட்டம் சட்டம்தானே? சோடா மூடிகள் கிலுகிலுக்க ஐந்து பேரும் வரிசையாகக் குசினிக்குள் போனார்கள்.

அங்கே சமையற்காரி, விருந்துக்குப் பிந்திய இனிப்பான வட்டிலப்பத் தட்டத்தை யாரிடம் கொடுப்பதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்ஹாவின் கை ஏற்கெனவே நீண்டிருந்தது. கொடுத்துவிட்டாள். அடுத்த கையும் நீண்டிருந்தது. ஐந்து தட்டங்களோடு, இடுப்பை ஆட்டியபடி, குழு மறுபடி ஹோலுக்குள் வந்தது.

சம்பந்தி அம்மா முதல் கரண்டியை வாயில் வைத்தார். சுற்றிவரப் பார்த்தார்.

“எங்கட ஊருல ஆட்டம் மட்டும்தான் இரிக்கி. இஞ்ச மரியாதையும் இரிக்கி,” என்றார்.

பெண்களின் குரவையொலி கூரையைத் தூக்கியது. நதீரா தலைநிமிர்ந்தாள். வரிசையில் கடைசியாக வந்துகொண்டிருந்தாள் றாஹிலா. அவளுக்குப் பின்னால் யாருமில்லை. அந்த நேரம் பார்த்து, தொலைந்துபோன அடி முழங்காலுக்குத் திரும்பி வந்தது. தட்டத்தைச் சரியவிடாமல் அரைவாசி குந்தினாள், சுற்றினாள், தோளைக் குலுக்கிக்கொண்டு எழும்பினாள். அப்படியோர் அழகை அந்த ஹோல் கண்டதேயில்லை. அன்றைக்கும் காணவில்லை, எல்லாருடைய கண்ணும் முன்னால் வந்த வட்டிலப்பத்தில் இருந்தது.

அடுத்த கிழமை காரைதீவுச் சந்திக்கு அப்பால் ஒரு கலியாணம். ஜெமீலா ராத்தா முன்னுக்கு நின்றார். வட்டிலப்ப ஆட்டத்தைத் தான் குவைத்தில் கண்டதாகவும், நம்மூர் ஆட்களுக்கு விளங்காதென்று இவ்வளவு நாளும் ஒளித்து வைத்திருந்ததாகவும் சொன்னார். உள்ளதை றாஹிலா சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறீர்களா? அவள் பழைய இடத்தில், ராத்தாவின் முதுகுக்கு நேரே நின்று, தட்டம் பிடிக்கிற விதத்தைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் நின்றவளிடம் மனதாரச் சொன்னாள்: “ராத்தாட கைப்பக்குவம் எனக்கு எங்க வரும்?”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் பலர் கூடியிருந்த இடத்தில் வாசித்திருந்தால், ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். சிரிக்கலாமா என்று தெரிந்துகொள்ள முதலில் யாருடைய முகத்தைப் பார்த்தீர்கள்?