தோஷம் கரையும் டம்ளர்

திண்டுக்கல்லில் ஒரு வாரமாக ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தினார்கள். "நவரத்தின மணிக் கண்காட்சி! மூன்றே நாள்!" பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஃப்ளெக்ஸ் பேனர்கள். அவற்றில் ரத்தினங்களின் படம் மூலையில் கடுகளவு. நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு மனிதர், பத்து விரலிலும் மோதிரத்தோடு. ரத்தினச் சித்தர் அழகுராஜாவாம். "கையில் மணி, டம்ளரில் தோஷம்! கண்ணால் பாருங்கள்!" என்று அடியில் எழுதியிருந்தது. தோஷத்தைக் கண்ணால் பார்க்கலாம் என்றால் நம் ஜனங்கள் வீட்டில் இருப்பார்களா? செம்பட்டியிலிருந்தும் சாணார்பட்டியிலிருந்தும் வேன் பிடித்து வந்துவிட்டார்கள்.

நான் போனது மணி வாங்க. சின்னாளபட்டியில் எங்களுக்குச் சாயப்பட்டறை. சுங்குடிச் சேலையைப் போனில் படம் போட்டு விற்கிறேன். இப்போது சேலைக்குத் தோதாக மணிமாலையும் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சாயம் போகுமா?" சென்னையிலிருந்து கேட்பார்கள், துபாயிலிருந்து கேட்பார்கள். நாலு தடவை கேட்பார்கள். நானும் ஈரமான வெள்ளைத் துணியில் சேலையைத் தேய்த்துக் காட்டி வீடியோ அனுப்புவேன்.

காலையில் தனியாகவே பஸ் ஏறினேன். கூட ஆள் வந்தால் அவர்களுக்குப் பசிக்கும், கால் வலிக்கும், நம்மை நிம்மதியாகப் பார்க்க விடமாட்டார்கள்.

கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. ஓரமாகக் கடை போட்டிருந்த மன்சூர் பாய், சரம் சரமாக மணிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அரக்குச் சிவப்பில் ஒரு சரத்தை எடுத்தேன்.

"இதப் போட்டா என்ன பாய் நடக்கும்?"

"கழுத்துக்கு அழகா இருக்கும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாம்மா. நல்ல நூலாப் போட்டுக் கோத்துக்கோங்க."

இவ்வளவு உண்மை பேசுகிறவர் கடைக்கு எப்படிக் கூட்டம் வரும்? கூட்டமெல்லாம் மேடையைச் சுற்றி நின்றது. வந்ததற்கு அதையும் பார்ப்போமே என்று நானும் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா. பெயர் பேச்சாயி, ரெட்டியார்சத்திரம் பக்கம் பூ விவசாயம். கையில் மஞ்சப்பை, அதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"வீட்டுக்காரருக்குச் சக்கரை தாயி. கால் விரல்ல புண்ணு. திங்கக்கெழம வாங்க, விரல எடுத்துட்டா காலு தப்பும்னு டாக்டரம்மா சொல்லிருக்கு. சாமி மணி கட்டுனா கத்தியே வேணாமாம்."

"கட்டி எம்புட்டு நாளு பொறுக்கணுமாம்?"

"நாப்பத்தெட்டு நாளு."

திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

சித்தரின் சித்து இதுதான். தட்டில் நீல மணிகள். ஒன்றை எடுத்து உங்கள் கையில் வைத்து மூடச் சொல்வார். கண்ணை மூடி முணுமுணுப்பார். பிறகு மணியைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, பிளாஸ்கிலிருந்து தீர்த்தம் ஊற்றுவார். செத்த நேரத்தில் தண்ணீர் நீலமாகும். "பாத்தியா, எறங்குது சனி தோஷம்!" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு தோஷத்தை அடியோடு எடுக்கும் பெரிய மணி, பெரிய விலையில்.

ஒருவருக்குக் கடன் தொல்லை, ஒருவருக்குக் கல்யாணத் தடை, ஒருவருக்குக் கிணற்றில் தண்ணீர் இல்லை. ஆனால் பாருங்கள், அத்தனை பேரின் தோஷமும் ஒரே நீலம். பிளாஸ்கிலிருந்து ஆவி பறந்தது. ஒட்டிப் பிடிக்காத சாயம் சுடுதண்ணீரில் ஓடும் என்று எங்கள் தெருவில் நடைபழகும் பிள்ளைக்கும் தெரியும்.

பேச்சாயியின் டம்ளரும் நீலமானது. "ஆத்தி, இம்புட்டு தோஷமா!" என்று அழுதுகொண்டே காதுத் தோட்டின் திருகைக் கழற்ற ஆரம்பித்தார்.

"செத்த பொறுங்கக்கா" என்று அவர் கையைப் பிடித்தேன்.

சித்தருக்குக் கோபம் வந்தது. குனிந்து என் கையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாரும் பாருங்க! இந்தம்மா விரல் நுனியெல்லாம் நீலம்! சனி ரத்தத்துல ஏறி நகக்கண்ணு வரைக்கும் வந்துருச்சு. அதான் தடுக்குது!"

பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

"சாமி, இது நேத்து நான் முக்குன சேலைச் சாயம்" என்றேன். "ஒரு வாரத்துல போயிரும். சரி, எனக்கு தோஷம், இந்தக்காவுக்கு தோஷம். ஒங்களுக்கு?"

"எனக்கேதும்மா தோஷம்? பன்னெண்டு வருசம் தவம் இருந்தவன்."

"அப்ப ஒங்க கையில ஒரு மணிய வச்சு, டம்ளர்ல போடுங்க. தண்ணி தெளிவா இருந்தா நானே மொத ஆளா வாங்கிக்கிறேன்."

சித்தர் சிரித்துச் சமாளித்தார். "என்னையச் சோதிக்கக் கூடாதும்மா."

ஆனால் பக்தர்கள் விடவில்லை. "காட்டுங்க சாமி! அந்தம்மா வாய அடைங்க!" என்று அவர்களே கத்தினார்கள். பக்தியும் சமயத்தில் உதவுகிறது. சித்தர் சட்டைப்பையிலிருந்து ஒரு மணியை எடுத்தார்.

"அது இல்ல சாமி, இந்தத் தட்டுல உள்ளது."

பக்கத்தில் இருந்த குளிர்ந்த தண்ணீர்ச் செம்பை நோக்கி அவர் கை போனது.

"தீர்த்தம் இதுலயில்ல இருக்கு?" என்று பிளாஸ்கை நானே எடுத்து நீட்டினேன்.

வேறு வழியில்லை. மணியைக் கையில் வைத்து மூடினார். இந்த முறை முணுமுணுப்பு ரொம்ப நீளம். மணியை டம்ளரில் போட்டார். நான் ஊற்றினேன். நூல் நூலாக நீலம் இறங்கியது. பன்னிரண்டு வருசத் தவம், பேச்சாயியின் டம்ளரை விடக் கொஞ்சம் அடர்த்தியாகவே கரைந்தது.

அந்த மணியை எடுத்து, என் பையில் எப்போதும் கிடக்கும் வெள்ளைத் துணியில் ஈரத்தோடு தேய்த்தேன். துணி நீலம். மணி வெறும் கண்ணாடி.

"அடப்பாவி!" என்று ஒருவர் மேடை ஏறினார். பின்னாலேயே பத்துப் பேர். சித்தர் சமையல்கட்டு வழியாக வெளியேறினார். பன்னிரண்டு வருசம் அசையாமல் உட்கார்ந்தவர் ஓடிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இத்தோடு எல்லோருக்கும் புத்தி வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் என் பக்கத்தில் நின்ற பெரியவர் டம்ளரைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "பாவம், ஊர் தோஷத்தையெல்லாம் தொட்டுத் தொட்டு சாமிக்கே ஒட்டிக்கிருச்சு போல."

பேச்சாயி திருகை மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தெட்டு நாளு பொறுத்திருந்தா காலு என்னத்துக்காகும் தாயி?"

பதில் அவருக்கே தெரிந்திருந்தது. "திங்கக்கெழம கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றார். போனார். அவர் வீட்டுக்காரர் இப்போது ஒன்பது விரலோடு தோட்டத்தில் நடக்கிறார் என்று போன வாரம் போனில் சொன்னார்.

நான் மன்சூர் பாயிடம் சிவப்பு மணி ஆறு சரம் வாங்கினேன். அதையும் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

சேலை வாங்கும்போது சாயம் போகுமா என்று நாலு தடவை கேட்கிறீர்களே, மகராசிகளே, மகராசன்களே! வீட்டுக்காரர் காலை ஒருவன் கையில் ஒப்படைக்கும்போது, ஒரே ஒரு தடவை கேளுங்கள்.