அரைச்சுவர்

இராமேஸ்வரத்தில் கோயிலுக்கு அடுத்தபடியாக அசைக்க முடியாத ஒன்று உண்டென்றால், அது எங்கள் பக்கத்து வீட்டு அரைச்சுவர்தான். அது ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர்; சொந்தப் பெயர் என்னவென்று தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கடற்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பொதுச்சுவர், ஆளுக்குப் பாதி. பங்காளிகள் தோப்பையும் தோணியையும் சுருட்டிக்கொண்டு அவருக்கென்று விட்டது ஓர் அறையும் அந்தப் பாதிச் சுவரும்தான். பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மனுஷன் சுவரைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினார்.

எங்கள் அய்யா காலண்டர் மாட்ட ஆணி எடுத்தால் போதும், வாசலில் வந்து நிற்பார்.

"ஆணியக் காட்டுப்பா. பாதிச் சொவரு வரைக்கும் ஒன் ஆணி. அதுக்கு மேல போச்சுன்னா எம் வீட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி."

பல்லி கத்தினால்கூட எந்தப் பக்கம் என்று விசாரிப்பார். எங்கள் பக்கம் என்றால், "நல்லதோ கெட்டதோ நீங்களே அனுபவிங்க" என்று போய்விடுவார்.

ஒரு மழைக்காலத்தில் சுவர் ஊறி எங்கள் பக்கம் வயிறு தள்ளியது. அதை ஒட்டித்தான் அம்மா வாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். எங்களுக்கும் இருந்தது அந்த ஒரே அறை.

"இடிச்சுப் புதுசாக் கட்டிருவோம்ணே" என்று அய்யா கெஞ்சினார்.

"எம் பாதி நல்லாத்தான இருக்கு? ஒன் பாதிய மட்டும் இடிச்சுக்க."

அய்யா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்த ஆளின் கழுத்தை நெரிக்கலாம் போல வந்தது.

அடுத்த வாரமே புயல். அம்மாவைக் கட்டிலோடு தூக்கினோம். கட்டில் வாசல்நிலையில் சிக்கிக்கொண்டது. தலைமாட்டில் கல் உதிர்ந்தது. "ஆத்தா, காப்பாத்து!" என்று நாங்கள் போட்ட கூச்சல் அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். உடனே அங்கே கடப்பாறைச் சத்தம்.

"இந்த நேரத்துல என்னத்தய்யா இடிக்கிறாரு, பாவி மனுஷன்!" என்று அய்யா அலறினார்.

அவர் பக்கத்து அஸ்திவாரம் பறிபோன சுவர் சாய்ந்தது. எங்கள் பக்கம் இல்லை, அவர் பக்கம். அவர் கூரையும் கூடவே இறங்கியது.

கல்லுக்குள்ளிருந்து இழுத்தபோது அவருக்கு இடுப்பு நொறுங்கியிருந்தது.

"என்ன காரியம்ணே செஞ்சீக?" என்று அய்யா அழுதார்.

"நான் எம் பாதியத்தான்ப்பா இடிச்சேன். ஒன் பாதி அதுவா வந்து விழுந்துச்சு. அதுக்கு நான் பொறுப்பில்ல."

பொங்கல் வரைக்கும்கூட அவர் தாங்கவில்லை. அதே இடத்தில் அய்யா மறுபடியும் பொதுச்சுவராகவே எழுப்பினார். அந்தப் பக்கம் இப்போது வெறும் மணல்தான். இருந்தாலும் ஆணி அடிக்கும்போது பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் அவர் வீடு.