நூறு ரூபாய் நோட்டுக்கு நான் வைத்த பொட்டு

எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகம், மூளை கொஞ்சம் கம்மி. இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமையில் சேர்ந்து வேலை செய்ததால்தான் என் மனைவி உஷா இன்னும் அலாஸ்காவைப் பார்க்கவில்லை.

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் வீட்டில் கராஜைச் சுத்தம் செய்தபோது, நான் அமெரிக்கா வந்தபோது கொண்டுவந்த சூட்கேஸின் உள்பையில் ஒரு பழைய நூறு ரூபாய் நோட்டு கிடைத்தது. மடிப்புகூட இல்லை. இடது ஓரத்தில் ஒரு வரிசை எண், வலது ஓரத்தில் வேறு எண். அச்சுப் பிழை! இப்படிப்பட்ட நோட்டுகளைச் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குவார்கள் என்று இணையத்தில் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினெட்டு வருஷமாகத் தள்ளிப்போட்ட அலாஸ்கா கப்பல் பயணம் இந்தக் கல்யாண நாளுக்கு நிச்சயம் என்று உஷாவிடம் சத்தியமே செய்துவிட்டேன். அவள் அன்றைக்கே இரண்டு ஸ்வெட்டர் வாங்கினாள். (ஹூஸ்டன் வெயிலில்.)

டாலஸ் பக்கம் ரிச்சர்ட்சனில் கமால் அங்கிள் என்று ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர், பழைய நோட்டென்றால் உயிரை விடுபவர். படத்தைப் பார்த்துவிட்டு, நல்ல பீஸ், நேரில் கொண்டு வாருங்கள் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். நல்ல காரியமாயிற்றே என்று, கிளம்பும் முன் நோட்டைப் பூஜை அலமாரியில் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவி, நடுவில் குங்குமப் பொட்டிட்டு, சூடமும் காட்டினேன்.

உஷாவையும் கூட்டிக்கொண்டு நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போய் நோட்டை நீட்டினேன். அங்கிள் லென்ஸை வைத்துப் பார்த்தார். இது யார் வேலை என்று கேட்டார். நான்தான் என்றேன், பெருமையாக வேறு.

"தம்பி, அச்சாபீஸ் பண்ற தப்புக்குத்தான் விலை ஏறும். நாம பண்ற தப்புக்கு இறங்கத்தான் செய்யும்."

சுத்தமாக இருந்திருந்தால் கப்பல் டிக்கெட்டில் பாதியாவது தேறியிருக்குமாம். கழுவினால் இன்னும் மோசமாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் வீட்டு ஆண்ட்டி போட்ட பிரியாணியை மட்டும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் பாதி தூரம் வந்ததும் திடீரென்று சிரிக்க ஆரம்பித்த உஷா வீடு வரும்வரை நிறுத்தவில்லை. எனக்கு உயிர் வந்தது.

போன மாதம் புது கார் வந்தது. குங்குமச் சிமிழோடு ஆசையாக இறங்கினேன். உஷா வழியை மறித்து அதை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எலுமிச்சம்பழம் மட்டும் வைங்க. ரீசேல் வேல்யூ இருக்கு."