டைரக்டர் மூலமாக ஒரு ராஜினாமா

ராஜினாமாக் கடிதம் தலைமை அலுவலகத்திலிருந்து போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மசியில் ஒரு வரி: "நிலையத் தலைவர் மூலமாக அனுப்பப்படவில்லை."

குருநாதன் அதை இரண்டு தடவை படித்தார். பெருமாள்மலைக்கு மேலே பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கும் அந்தப் பல்கலைக்கழக உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்குப் பதினோரு வருஷமாக அவர்தான் தலைவர், அதாவது டைரக்டர்.

"என்னய்யா சேனாதிபதி இது? தலைவரே நான்தான். நான் யார் மூலமா அனுப்புறது?"

குமாஸ்தா சேனாதிபதிக்கு விதிப் புத்தகம் தலைகீழ்ப் பாடம். "உங்க மூலமாத்தாங்க. குருநாதன்னு கையெழுத்துப் போட்டு டைரக்டருக்கு எழுதுங்க. டைரக்டர் நாலு வரி அபிப்பிராயம் எழுதி, சீல் வச்சு அனுப்புவாரு."

"டைரக்டரும் நான்தானய்யா."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியுங்க. காகிதத்துக்குத் தெரியாதுல்ல."

வாதாடக் குருநாதனிடம் மூச்சு இல்லை. போன மார்கழியில் இழுத்த இழுப்பைப் பார்த்துவிட்டு, இன்னொரு மார்கழி மலையில் இருந்தால் நெஞ்சு தாங்காது என்று பழனி டாக்டர் சொல்லிவிட்டார். பழனியில் இருந்த மனைவி சண்முகவள்ளி வாரம் ஒரு கார்டு போட்டாள். "கெழங்கைக் கட்டிக்கிட்டு அழுதது போதும். கார்த்திகைக்குள்ள எறங்கி வாங்க." இப்போது ஆவணி.

மறுபடி எழுதினார். கீழே டைரக்டராக மாறி, "விண்ணப்பதாரர் நல்ல உழைப்பாளி. விடுவிக்கலாம்" என்று எழுதி, வழக்கம்போல் பெயர் இல்லாமல் ஒரு கிறுக்கல் கிறுக்கி முத்திரை வைத்தார்.

பதில் வந்தது. "நல்ல உழைப்பாளியை ஏன் விடுவிக்க வேண்டும்? மாற்று ஆள் உண்டா?"

உண்டு. உதவியாளர் தங்கமுத்து. அவரைப் பற்றி டைரக்டர் ஒரு முழுப் பக்கம் புகழ்ந்து தள்ளினார். பத்தே நாளில், இப்படிப்பட்ட ஆள் மலையில் வீணாவானேன் என்று தங்கமுத்துவைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெண்டாட்டி, பிள்ளைகள், இரண்டு கோழிகள் சகிதம் முதல் பஸ்ஸில் அவர் இறங்கிப் போனதைக் குருநாதன் வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காப் போச்சே" என்றார். "நல்லவன்னு எழுதினா விடமாட்டேங்கிறாங்க. கெட்டவன்னு எழுதிப் பார்ப்போம்."

எழுதினார். "விண்ணப்பதாரர் சோம்பேறி. பத்து மணிக்கு முன் எழுவதில்லை. எந்நேரமும் கம்பளிக்குள் இருக்கிறார். நிலையத்துக்குப் பாரம்." இதில் பாதி உண்மை என்பதால் பேனா தடையில்லாமல் ஓடியது.

ஐப்பசியில் பதில் வந்தது. "குற்றச்சாட்டு கடுமையானது. விசாரிக்க வேண்டும். விசாரணை அதிகாரி: நிலைய டைரக்டர்."

"என்னை நானே விசாரிக்கணுமா?"

"ஆமாங்க. வெரசா முடிச்சிருங்க. விசாரணை முடியாம ராஜினாமாவை ஏத்துக்க விதி இல்லீங்க."

விசாரணை நடந்தது. சேனாதிபதி எதிரில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். குருநாதன் நாற்காலியில் இருந்து கேள்வி கேட்டார். எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, நின்றபடி பதில் சொன்னார்.

"பத்து மணி வரைக்கும் தூங்கினது உண்மையா?"

"உண்மைங்க. ராத்திரி பூரா இருமல்." உடனே குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். "இருமலைக் குறிக்காதீங்க, சேனாதிபதி. எரக்கப்பட்டு விட்டுறப் போறாங்க."

எட்டாவது சுற்றில் இளைப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அழுகையே வந்தது. ஒரு மனுஷன் தன் வீட்டுக்குப் போக இத்தனை பாடா?

"குற்றம் ருசுவானது. தாட்சண்யம் பாராமல் வெளியேற்றுக" என்று டைரக்டர் அறிக்கை அனுப்பினார்.

கார்த்திகை முடிய மூன்று நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. "குருநாதனின் ராஜினாமா ஏற்கப்பட்டது. டைரக்டர் அவரை உடனே விடுவிக்கவும்." டைரக்டர் அவரை அந்த நிமிஷமே விடுவித்தார். சண்முகவள்ளிக்குத் தந்தி பறந்தது. சேனாதிபதி ஜீப் பிடிக்கப் பெருமாள்மலைக்கு ஓடினார்.

படுக்கையைச் சுருட்டிக் கட்டி, வாசலில் டிரங்குப் பெட்டி மேல் குருநாதன் உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மேகம்கூட அழகாகத் தெரிந்தது. அந்த மேகத்தைக் கிழித்துக்கொண்டு, பல்கலைக்கழகச் சேவகன் வேலுச்சாமி அரக்கு வைத்த உறையோடு மேலேறி வந்தான். இந்த மலைக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை.

"பெரியவரே, நீங்க யாருங்க?"

"குருநாதன்" என்றார் அவர், உற்சாகமாக. "இன்னையோட வேலையை விட்டாச்சு."

வேலுச்சாமி அவரையும் கம்பளியையும் ஏற இறங்கப் பார்த்தான்.

"ஓ, அந்தச் சோம்பேறி நீங்கதானா? சரி, கெளம்புங்க. டைரக்டர் ஐயா உள்ள இருக்காருங்களா? உங்களைத் தாட்சண்யம் பார்க்காம வெளியேத்துனதுக்காக அவருக்கு இன்னும் அஞ்சு வருஷம் பதவி நீட்டிச்சு ஆர்டர் வந்திருக்கு."